குறி போடுவது கண்டுபிடிப்பு ஆகாது

மேமோகிராம் படிப்பதில் கணினி டாக்டரை ஜெயித்துக் கால் நூற்றாண்டு ஆகிறது. அமெரிக்காவில் அது இல்லாத இடமே இல்லை. ரேடியாலஜிஸ்டுகள்தான் பிழைப்பு போய்விடுமே என்று முட்டுக்கட்டை போடுகிறார்கள். தாலுகாவுக்கு ஒரு வேன், வேனுக்கு ஒரு மென்பொருள் என்று இறக்கிவிட்டால் மார்பகப் புற்றுநோய் ஓடிப்போய்விடும். சென்ற இதழில் பக்கம் பக்கமாக ஓடிய கட்டுரையைப் பிழிந்தால் கிடைப்பது இந்த நான்கு வாக்கியங்கள். மீதியெல்லாம் ஆச்சரியக்குறி.

நான்குக்கும் வேர் ஒன்றுதான். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படத்தின்மேல் கணினி ஒரு குறி போட்டால், அது ஒரு புற்றுநோயைக் கண்டுபிடித்துவிட்டது என்று கட்டுரையாளர் நம்புகிறார். அந்தக் குறிக்குப் பிறகு என்ன நடக்கிறது, யாருக்கு நடக்கிறது என்று அவர் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

மேமோகிராம் படித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அடுத்த இதழில் அவர் இதைக் கண்டுபிடித்து எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பிழைப்புக் கணக்குக்குப் பிறகு வருவோம். அதில் அவர் எதிர்பார்க்காத ஒரு வரவு இருக்கிறது.

1998இல் ஆர்2 டெக்னாலஜி என்ற நிறுவனத்தின் இமேஜ்செக்கர் என்ற குறி போடும் கருவிக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதுவரை கட்டுரை சொல்வது சரி. "டாக்டர்கள் கோட்டைவிட்ட புற்றுநோய்களில் 77 சதவீதத்தை இயந்திரம் பிடித்தது" என்று அடுத்த பத்தியிலேயே முழங்குகிறார். இந்த 77 எங்கிருந்து வந்தது என்று அவர் தேடிப் பார்த்திருந்தால் கட்டுரையே எழுதியிருக்க மாட்டார். 2000இல் ரேடியாலஜி இதழில் வந்த ஆய்வு அது. புற்றுநோய் உறுதியான பெண்களில் 427 பேரின் பழைய படங்களை எடுத்தார்கள். அவற்றில் 115 படங்களில், அப்போதே அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று மருத்துவர் குழு பின்னோக்கிப் பார்த்துச் சொன்னது. அந்த 115இல் 89 படங்களில், நோய் இருந்த இடத்தில் இயந்திரம் குறி போட்டிருந்தது. 77 சதவீதம் இதுதான்.

இந்த 115 பேருக்கும் நோய் இருந்தது முன்கூட்டியே தெரியும். பரிசோதனைக்கு வரும் ஆயிரம் பெண்களில் யாருக்கு நோய் என்று யாருக்கும் தெரியாது. அங்கே இயந்திரம் நோய் உள்ளவருக்கும் குறி போடும், இல்லாதவருக்கும் போடும். டாக்டர் அந்தக் குறிகளில் எதை நம்பினார், எதைத் தள்ளினார் என்பதைப் பற்றி 77 ஒன்றுமே சொல்லாது.

அந்தக் காலத்து இயந்திரம் வேலை செய்த விதம் இது. ஃபிலிமை ஸ்கேன் செய்து கணினிக்குள் அனுப்புவார்கள். சுண்ணாம்புத் துகள்கள் கொத்தாக இருப்பதாகத் தோன்றினால் கணினி ஒரு முக்கோணம் போடும். கட்டி மாதிரித் தெரிந்தால் ஒரு நட்சத்திரம். டாக்டர் முதலில் தானாகப் படத்தை முழுக்கப் பார்த்துவிட வேண்டும், பிறகுதான் பொத்தானை அழுத்திக் குறிகளைப் பார்க்க வேண்டும், குறி இல்லை என்பதற்காகத் தன் சந்தேகத்தைக் கைவிடக் கூடாது. இது விதி. இடது வலது இரண்டிரண்டு என்று ஒரு பெண்ணுக்கு நான்கு படம். நான்கு படத்துக்கும் சேர்த்து இரண்டு மூன்று குறி சாதாரணமாக விழும்.

பெருக்கிப் பார்க்கலாம். ஆயிரம் பெண்கள் வந்தால் இரண்டாயிரத்துக்கும் மேல் குறி. அந்த ஆயிரம் பேரில் புற்றுநோய் இருப்பது நான்கைந்து பேருக்கு. மீதிக் குறிகளெல்லாம் எதன்மேல் விழுந்தன? வயதான ரத்தக் குழாயின் சுவரில் படிந்த சுண்ணாம்பின்மேல். தோல் மடிப்பின்மேல். பழைய அறுவைத் தழும்பின்மேல். அக்குளில் அப்பிய பவுடரின்மேல்கூட விழும். "பவுடர் போட்டிருக்கீங்களாம்மா? துடைச்சிட்டு வாங்க" என்று எக்ஸ்ரே அறையில் டெக்னீஷியன் அம்மா கேட்பது சும்மா இல்லை, டால்கம் துகள் படத்தில் சுண்ணாம்புத் துகள் போலவே வெள்ளையாகப் பொரியும். அந்த அம்மாவின் ஒரு கேள்வி எத்தனை முக்கோணங்களை மிச்சப்படுத்துகிறது என்று கட்டுரையாளர் ஒரு நாள் வந்து உட்கார்ந்து எண்ணலாம்.

துகள்களில் இயந்திரம் கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன். கட்டியும் இல்லாமல், துகளும் இல்லாமல், மார்பகத் திசுவின் இழைகள் ஓரிடத்தை நோக்கி இழுபட்டுச் சுருங்கியிருக்கும் நோய் உண்டு. மனிதக் கண்ணுக்கே கஷ்டமானது அது. துணை மிகவும் தேவைப்படும் அந்த இடத்தில்தான் பழைய மென்பொருள்கள் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை. கட்டுரையில் இதற்கு இடமில்லை. ஆச்சரியக்குறிகளுக்கு இடம் வேண்டுமே.

அவருடைய அடுத்த ஆயுதம்: "இயந்திரம் வந்ததும் புற்றுநோய் கண்டுபிடிப்பு 20 சதவீதம் உயர்ந்தது." டெக்ஸஸில் ஒரே ஒரு மையத்தில், 12,860 மேமோகிராம்களை வைத்து இரண்டு மருத்துவர்கள் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இது. சரியாகச் சொன்னால் 19.5 சதவீதம். அதாவது 41 என்பது 49 ஆனது. எட்டுப் பேர். எட்டு உயிர் அற்பமா என்று கேட்பார். அற்பமில்லை. ஆனால் அதே ஆய்வின் அதே பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது. மேல்பரிசோதனைக்குத் திரும்பக் கூப்பிடப்பட்டவர்கள் 6.5 சதவீதத்திலிருந்து 7.7 ஆனார்கள், தலைக்கணக்கில் சுமார் 156 பெண்கள் கூடுதல். எட்டைச் சதவீதமாக்கிப் பெரிதாகக் காட்டியவர் 156ஐ அச்சிலேயே ஏற்றவில்லை. நாளிதழில் மாத்திரை விளம்பரம் போடுகிறவர்களுக்கு இந்த வித்தை தெரியும். கட்டுரை எழுதுகிறவர்களும் கற்றுக்கொண்டால் என்ன செய்வது?

அதைவிட, இந்தப் பழைய இயந்திரத்தைப் பற்றி அவர் 2001லேயே படிப்பதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் கதையே இருக்கிறது.

2004இல் 24 ரேடியாலஜிஸ்டுகள் படித்த 1,15,571 மேமோகிராம்களின் கணக்கு வந்தது. இயந்திரம் வருவதற்கு முன் ஆயிரத்துக்கு 3.49 புற்றுநோய், வந்த பின் 3.55. 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஜோஷுவா ஃபென்டன் குழு இன்னும் பெரிய கணக்கை வெளியிட்டது. மூன்று மாநிலங்கள், 43 மையங்கள், 2,22,135 பெண்கள், 4,29,345 படங்கள். அவற்றில் ஏழு மையங்கள் நடுவில் இயந்திரத்தை வாங்கியிருந்தன. அதே மையம், வாங்குவதற்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தது என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. திரும்பக் கூப்பிடப்பட்டவர்கள் நூற்றுக்கு 10.1இலிருந்து 13.2 ஆனார்கள். பயாப்ஸி ஆயிரத்துக்கு 14.7இலிருந்து 17.6 ஆனது. கண்டுபிடித்த புற்றுநோய்? ஆயிரத்துக்கு 4.15; பிறகு 4.20. நூறு பெண்களில் மூன்று பேரைக் கூடுதலாகக் கூப்பிட்டுக் கலங்கவைத்து, ஊசியைக் கூடுதலாகக் குத்தி, கையில் வந்தது புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சில்லறை.

சில்லறை என்று எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. திரும்பக் கூப்பிடுவது என்றால் என்னவென்று கட்டுரையாளருக்குத் தெரியுமா? "இன்னொரு படம் எடுக்கணும், வாங்க" என்று போன் வந்த பெண் அன்று ராத்திரி தூங்க மாட்டாள். வீட்டில் யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்று யோசிப்பாள். மகளுக்கு வரன் பார்க்கிற நேரமாக இருந்தால் யோசனை இன்னும் நீளும். கடைசியில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் அடுத்த தடவை பரிசோதனைக்கு வரத் தயங்குவாள். மருத்துவப் புள்ளிவிவரத்தில் இதற்குப் பெயர் பொய் நேர்மறை. கட்டுரையில் அந்தச் சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

2015இல் கான்ஸ்டன்ஸ் லேமன் குழு ஜாமா இன்டர்னல் மெடிசினில் எழுதியதோடு பழைய இயந்திரத்தின் வழக்கு முடிந்தது என்றே சொல்லலாம். 3,23,973 பெண்கள், 271 ரேடியாலஜிஸ்டுகள். நோய் உள்ளவர்களைச் சரியாகப் பிடித்த விகிதம் இயந்திரத்தோடு 85.3 சதவீதம், இயந்திரம் இல்லாமல் 87.3. கண்டுபிடித்த புற்றுநோய் இரண்டிலும் ஆயிரத்துக்கு 4.1. இன்னொன்றையும் பார்த்தார்கள். இயந்திரத்தோடும் அது இல்லாமலும் படித்த 107 மருத்துவர்களைத் தனியாக எடுத்தால், அதே மருத்துவர் இயந்திரம் பக்கத்தில் இருக்கும்போது புற்றுநோயை அதிகம் தவறவிட்டார். "குறி இல்லை என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிடாதே" என்ற விதி காகிதத்தில்தான் இருந்தது. முக்கோணமும் நட்சத்திரமும் விழாத இடத்தை மனிதக் கண் மெல்ல மெல்ல விட்டுவிடப் பழகிக்கொண்டது.

அப்படியென்றால் அமெரிக்கா முழுக்க எப்படிப் பரவியது என்று கட்டுரையாளர் கேட்கலாம். உண்மையில் அவருடைய வலுவான வாதமே அதுதான்: "பயனில்லாத ஒன்றை அமெரிக்கர்கள் வாங்குவார்களா?" வாங்குவார்கள், யாராவது காசு கொடுத்தால். முதியோருக்கான அரசு மெடிகேர் காப்பீட்டில் இந்த இயந்திரத்துக்குத் தனிக் கட்டணம் கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2000இன் கடைசியில் சட்டம் போட்டது. பெரிய ஆய்வுகள் எதுவும் அப்போது வரவில்லை. 2008 வருவதற்குள் மெடிகேர் பெண்களின் பரிசோதனைப் படங்களில் 74 சதவீதம் இயந்திரத்தின் வழியாகப் போயின. நாடு முழுக்க வருஷத்துக்கு 40 கோடி டாலருக்கும் மேல் இதற்காகச் செலவாகிறது என்று 2015இல் லேமன் குழு மதிப்பிட்டது. பயன் நிரூபணமாகிப் பரவவில்லை. பரவி முடிந்த பிறகுதான் பயனில்லை என்று நிரூபணம் ஆனது.

இப்போது அந்தப் பிழைப்புக் கணக்கு. ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் கூடுதல் கட்டணத்தைப் பில்லில் போட்டது யார்? ரேடியாலஜிஸ்டுகளும் அவர்களுடைய மையங்களும்தான். இயந்திரம் வந்தால் எங்கள் பிழைப்பு போகும் என்று நாங்கள் அஞ்சி நடுங்கியதாக எழுதுகிறாரே, அமெரிக்காவில் எங்கள் தொழில்காரர்கள் அதைக் கூடுதல் வரும்படியாகவே ஏற்றுக்கொண்டார்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம் அது. திட்டுவதானால் அதற்காகத் திட்டியிருக்கலாம். கையெழுத்துப் போட்டு நானும் சேர்ந்திருப்பேன். இயந்திரத்தை வரவிடாமல் தடுத்ததாக அவர் சுமத்தும் பழி, தட்டில் வைத்து வரவேற்றவர்கள்மேல் விழுகிறது.

"அதெல்லாம் பழைய இயந்திரம், இப்போது இருப்பது செயற்கை நுண்ணறிவு" என்ற பதில் வரும் என்று தெரியும். பாதி நியாயம். பழைய மென்பொருளுக்கு எது சந்தேகம் என்று மனிதர்கள் விதி எழுதிக் கொடுத்தார்கள். புதியது லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்கிறது. திறமை கூடியிருக்கிறது. ஆனால் இவரோ 1998ஐயும் 2001ஐயும் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டு, குறுக்கு விசாரணை வரும்போது மட்டும் சாட்சியை மாற்றப் பார்க்கிறார்.

சரி, புதிய சாட்சியையே விசாரிப்போம். 2016இல் செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில் இயந்திரம் முந்திவிடும், போனால் போகிறது பத்து வருஷம் என்ற பொருளில் பேசினார். கட்டுரையாளர் இதை வேதவாக்காக எடுத்து வைக்கிறார். ஐந்து வருஷம் கழித்து, 2021இல், பிஎம்ஜே இதழில் வந்த ஒரு ஆய்வு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பெரிய ஆய்வுகளில் மதிப்பிடப்பட்ட 36 மென்பொருள்களில் 34, ஒரே ஒரு ரேடியாலஜிஸ்டைவிடத் துல்லியம் குறைந்தவை. இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் கலந்து முடிவெடுத்தால் அவர்களை எதுவும் எட்டவில்லை.

அதற்குப் பிறகு ஸ்வீடனிலிருந்து நல்ல செய்தி வந்தது. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. மசாய் என்ற ஆய்வின் முதல் முடிவுகள் 2023இல் லான்செட் ஆன்காலஜியில் வெளிவந்தன. 80,033 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியின் படங்களை வழக்கம்போல் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் படித்தார்கள். இன்னொரு பாதியில் டிரான்ஸ்பாரா என்ற மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் ஆபத்து மதிப்பெண் கொடுத்தது. மதிப்பெண் குறைந்த படங்களை ஒருவரும், உயர்ந்த படங்களை இருவரும் படித்தார்கள். இரண்டு பேர் படித்த பாதியில் 203 புற்றுநோய். மென்பொருள் துணையோடு 244. திரும்பக் கூப்பிட்டவர்கள் 2.0 சதவீதமும் 2.2 சதவீதமும். படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. முறையாகச் செய்த, மதிக்க வேண்டிய ஆய்வு.

இதைக் கட்டுரையாளர் "மனிதனே வேண்டாம் என்று ஸ்வீடன் நிரூபித்தது" என்று எழுதியிருக்கிறார். மேலே இருக்கும் வரிகளை மறுபடி படியுங்கள். அந்த ஆய்வில் மனிதர் பார்க்காமல் முடிவு சொன்ன படம் ஒன்றாவது இருக்கிறதா? ஐரோப்பாவில் இரண்டு பேர் படிப்பது வழக்கம். மென்பொருள் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆளின் வேலையைத்தான் மிச்சப்படுத்தியது. முதல் ஆள் நாற்காலியில்தான் இருந்தார். அவரும் மேமோகிராமே வாழ்க்கையாகப் படித்தவர். பரிசோதனைக்கு வந்த பெண்களும் ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கடிதம் போட்டு அழைக்கப்படுகிறவர்கள். போன தடவை எடுத்த படம் பக்கத்தில் ஒப்பிடத் தயாராக இருக்கும். நம் ஊரில் "பழைய படம் இருக்காம்மா?" என்று கேட்டால் பத்தில் ஒருவர் கொண்டுவந்தால் அதிசயம்.

பழக்கமில்லாத டாக்டர் இயந்திரத்தோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2023இல் ரேடியாலஜி இதழில் வந்தது. 27 ரேடியாலஜிஸ்டுகளிடம் 50 மேமோகிராம்களைக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவின் கருத்து என்று சொல்லி வேண்டுமென்றே சில தவறான முடிவுகளையும் நடுவில் கலந்தார்கள். கணினியின் கருத்து சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் சுமார் 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். தவறாக இருந்தபோது 20 சதவீதம்தான் சரி. நீண்ட அனுபவம் உள்ளவர்களே 82இலிருந்து 45 சதவீதத்துக்குச் சரிந்தார்கள். "இயந்திரம் தவறு செய்தால் டாக்டர் திருத்திக்கொள்வார்" என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. யார் யாரைத் திருத்துகிறார்கள் என்பதை இந்த எண்கள் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாகத் தாலுகா வேன். "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று பழமொழி சொல்கிறார். ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊரில் மென்பொருளாவது இருக்கட்டுமாம். இலுப்பைப்பூ நிஜமாகவே இனிக்கும், தின்றவருக்குக் கெடுதல் இல்லை. இவர் கொடுக்கச் சொல்வது அப்படிப்பட்ட பண்டமா? வேனில் ஒரு பெண்ணின் படத்தில் குறி விழுகிறது. அடுத்து அல்ட்ராசவுண்ட் வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் ஊசி பயாப்ஸி. அதைப் பார்க்க நோயியல் மருத்துவர். நோய் உறுதியானால் அறுவை, கதிர்வீச்சு, கீமோ. குறியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மனிதர் வேண்டும், கருவி வேண்டும், பஸ் ஏறிப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். ரேடியாலஜிஸ்டே இல்லாத தாலுகாவில் இவர்களெல்லாம் வரிசையில் நிற்கிறார்களா? நான்கு நிஜக் குறியோடு ஆயிரக்கணக்கான பொய்க் குறியையும் அனுப்பிவைத்தால், மாவட்ட மருத்துவமனையில் ஏற்கெனவே கட்டியோடு காத்திருக்கும் பெண்ணின் முறைதான் தள்ளிப்போகும்.

நம் நோயாளி யார் என்பதையும் அவர் பார்க்கவில்லை. 2022இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது, சுமார் 98,000 பேர் அதில் இறந்தார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. இரண்டு பேருக்கு ஒரு சாவு. இது எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தப்பிய நுண்துகளால் வந்த விகிதமா? கையில் தட்டுப்பட்ட கட்டியை மாசக்கணக்கில் வெளியே சொல்லாமல் வைத்திருந்து வருகிறார்கள். சொன்னவர்களுக்கும் சிகிச்சை முழுதாகக் கிடைப்பதில்லை. நாற்பதுகளில் இருக்கும் பெண்கள் இங்கே அதிகம் வருகிறார்கள். அந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக, படத்தில் வெள்ளையாக இருக்கும், கட்டியும் வெள்ளை. மேமோகிராமின் பலம் குறைகிற இடம் அது. மென்பொருள் அந்தப் படத்தைத்தான் பார்க்கப்போகிறது, வேறொன்றையும் இல்லை.

இமேஜ்செக்கருக்கு அனுமதி கிடைத்த அதே 1998இல், மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை இன்னொரு வேலையை ஆரம்பித்தது. 1,51,538 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். எக்ஸ்ரேயும் இல்லை, மென்பொருளும் இல்லை. இருபது வருஷம் தொடர்ந்து பார்த்து 2021இல் பிஎம்ஜேயில் முடிவை வெளியிட்டார்கள். நோய் முற்றாத நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. எல்லா வயதையும் சேர்த்தால் இறப்பு 15 சதவீதம் குறைந்தாலும் அது புள்ளியியல்படி உறுதியில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது, அது உறுதி. உறுதியில்லாததை உறுதியில்லை என்று அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். கட்டுரையாளர் கவனிக்க.

இந்த ஆய்வைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. தெரியாமல் விட்டாரோ, வேனுக்கு இடைஞ்சல் என்று விட்டாரோ. மறுப்பு எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எழுதும்போது இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அவருடைய வேன் ஒரு தாலுகாவுக்குப் போய் ஆயிரம் பெண்களைப் படம் எடுக்கிறது. எத்தனை பேருக்குக் குறி விழும்? அவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருக்கும்? மீதிப் பேருக்கு யார், எந்த ஊரில், எத்தனை நாளில் "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று சொல்வார்கள்? அதற்கு யார் பணம் கட்டுவார்கள்?